செக் டிவிக்கு ஆப்பரெட்டா: முகம் நடிகருடையது, பாட்டு வேறொருவருடையது. வேலை எந்த வரிசையில் நடக்கும்?

திரைச்சீலை

செக் இசையமைப்பாளர் ஆஸ்கர் நெட்பாலின் 'போல்ஸ்கா க்ரெஃப்' (போலந்து ரத்தம்) நகைச்சுவை ஆப்பரெட்டாவை, அதாவது பேச்சும் பாட்டும் கலந்த இசை நாடகத்தை, செக் மொழியில் 80 நிமிட டிவி படமாக்க ஒரு திட்ட வரைவு தயாராகிறது. தெரியாதவர்களுக்கு: 1913 அக்டோபரில் வியன்னாவின் கார்ல் தியேட்டரில் 'போலன்ப்ளூட்' என்ற பெயரில் ஜெர்மனில் அரங்கேறியது. லிப்ரெட்டோ (வசனமும் பாட்டுவரிகளும்) லேயோ ஸ்டைன், மூலக்கதை புஷ்கினுடையது. கடனில் மூழ்கிய பரான்ஸ்கி பிரபு ஒரு பெண்ணைப் பார்க்காமலே வேண்டாம் என்கிறான். அந்த ஹெலேனாவே மரின்யா என்ற பெயரில் அவன் பண்ணை வீட்டில் நிர்வாகியாகச் சேர்ந்து, பண்ணையையும் அவனையும் ஒழுங்குபடுத்துகிறாள். முதல் அங்கம் வார்சாவில் ஒரு நடன விருந்து, மற்ற இரண்டும் பண்ணையில்.

நடிப்பவர்கள் நாடக, டிவி நடிகர்கள். பாடுவது ஆப்பரா பாடகர்கள். நான்கு விஷயங்களில் தெளிவு வேண்டும்.

மூன்று அங்கத்தை 80 நிமிடத்துக்கு எங்கே வெட்டுவது? ஜெர்மன் பாட்டுவரிகளுக்கு செக் வரிகள் போடும்போது எதைப் பார்க்க வேண்டும்? நடிகை பேசி முடித்ததும் பாடகியின் குரல் தொடங்கும் இடம் துருத்தாமல் இருக்க என்ன வழி? படப்பிடிப்புத் தளத்தில் பிளேபேக் (முன்பே பதிந்த பாட்டு) ஓட்டும்போது வழக்கமாக எது கெட்டுப்போகும்?

பொதுவான அறிவுரை வேண்டாம், அளவுகளோடு சொன்னால் உதவும்.

பிரதிக்காரர்

மூன்றாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், மற்ற மூன்றும் அதற்குக் கட்டுப்பட்டவை.

ஆப்பராவில் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை பாட்டுதான். முகம் ஒருவர், குரல் ஒருவர் என்றாலும் பார்ப்பவர் இரண்டொரு நிமிடத்தில் அந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்டுவிடுவார். பெட்ர் வைகல் 1977இல் எடுத்த 'ருசால்கா' படத்தில் மாக்டா வாஷாரியோவா நடிக்க காப்ரியேலா பெனியாச்கோவா பாடினார். அங்கே பேச்சே கிடையாது, ஆகவே ஒப்பிட்டுப் பார்க்க நடிகையின் சொந்தக் குரலும் கிடையாது. ஆப்பரெட்டாவில் பேசிக்கொண்டே வந்து பாட்டுக்குள் நுழைவார்கள், பாட்டு நடுவில் இரண்டு வரி பேசுவார்கள், திரும்பப் பாடுவார்கள். ஒவ்வொரு நுழைவும் ஒரு தையல். 80 நிமிடத்தில் அப்படி முப்பது நாற்பது தையல் சாதாரணமாக வந்துவிடும். பிரதியை வெட்டும்போது நேரத்தைக் குறைப்பதைவிட இந்தத் தையல்களைக் குறைப்பதுதான் முக்கியம் என்பது என் கட்சி.

நேரக் கணக்கு சுமாராக இப்படி: இசை 45 நிமிடம், வசனம் 30, பெயர் எழுத்துகளும் காட்சி மாற்றங்களும் 5. முதலில் கை வைக்க வேண்டியது மூன்று சரணப் பாட்டுகளில். இரண்டு சரணம் போதும். மேடையில் மூன்றாவது சரணம் கைத்தட்டலுக்காக இருப்பது, டிவியில் கைத்தட்டல் இல்லை. அடுத்து நடனங்கள் திரும்ப வரும் இடங்கள். மூன்றாவதாக அங்க முடிவுக் கூட்டுப்பாடல்கள். இவை பத்துப் பன்னிரண்டு நிமிடம் ஓடும், அவற்றில் கதை நகரும் பகுதி பாதிதான். ஆறு நிமிடத்துக்குள் கொண்டுவரலாம். முன்னிசையை 90 நொடியாக்கி பெயர் எழுத்துகளுக்கு அடியில் ஓடவிடுங்கள்.

வெட்டும் இடத்தை வாத்தியக்குழு பதிவுக்கு உட்காரும் முன்பே ஸ்கோரில் (முழு இசைப் பிரதியில்) குறித்துவிட வேண்டும். முழுதாகப் பதிவுசெய்து பிறகு மேசையில் வெட்டிக்கொள்ளலாம் என்று விட்டால், வெட்டுக்கு முந்திய ஸ்வரத்தின் எதிரொலி வால் அறுபடும், அடுத்த பகுதி வேறு ஸ்ருதியில் தொடங்கிக் குதிக்கும். வெட்டின் இரு முனையும் ஒரே ஸ்ருதியில் இருக்கட்டும். முடியாவிட்டால் முன்பகுதியை அடுத்ததன் ஐந்தாம் ஸ்வர நாண் மேல் நிறுத்துங்கள், காது தானாக ஏற்றுக்கொள்ளும். வாத்தியப் பிரதி ஒவ்வொன்றிலும் வெட்டின் தொடக்கத்தையும் முடிவையும் காட்டும் 'வி' 'டே' குறி போட்டாக வேண்டும். இரண்டாம் ஹார்ன்காரரின் தாளில் மட்டும் குறி விடுபட்டிருப்பது அலுப்புத் தட்டும் அளவுக்கு அடிக்கடி நடக்கும் கோளாறு, கால் மணி நேரத்தைத் தின்னும்.

இனி மொழி. செக்கில் அழுத்தம் எப்போதும் சொல்லின் முதல் அசையில். முன்னிடைச்சொல் வந்தால் அழுத்தம் அதன்மேல் ஏறிக்கொள்ளும். நெடிலும் குறிலும் அழுத்தத்தோடு சம்பந்தமில்லாமல் தனியாக நிற்கும். ஜெர்மன் வரியோ பெரும்பாலும் தாளத்துக்கு முந்திய அரைகுறை அடியில் ஒரு 'டெர்', 'டீ' வைத்துத் தொடங்கும். செக்கில் அந்தச் சுட்டிடைச்சொற்களே இல்லை. அந்த இடத்தில் இரண்டசைச் சொல்லை வைத்தால் அழுத்தம் பலவீனமான அடியில் விழுந்து, பாட்டு வெளிநாட்டுக்காரர் பேசுவதுபோல ஒலிக்கும். அதனால் மொழிபெயர்ப்பாளர்கள் 'அ', 'யா', 'தாக்', 'உஷ்' மாதிரி ஓரசைச் சொற்களை அங்கே செருகுவார்கள். ஒரு பாட்டில் நாலைந்து முறை செருகினால் சரி. வரிக்கு வரி 'தாக்', 'தாக்' என்று வந்தால் திருப்பி அனுப்புங்கள்.

நீண்டு நிற்கும் உச்ச ஸ்வரத்தில் என்ன உயிரெழுத்து வருகிறது என்று தனியாக ஒரு பட்டியல் போடுங்கள். ஜெர்மனில் 'லீபெ' வரும் இடத்தில் செக்கின் 'லாஸ்கா' அப்படியே உட்காரும். இரண்டசை, முதலசை நெடில். ஆனால் 'ஹெர்ட்ஸ்' ஓரசை. செக்கில் 'ஸ்ர்ட்செ' ஈரசை, அதிலும் முதலசையில் உயிரே இல்லை, 'ர்' தான் அசையைச் சுமக்கிறது. அதை ஒரு சோப்ரானோ (உச்சக் குரல் பாடகி) நாலு அடி நீட்ட முடியாது. காதல் பாட்டு முழுக்க இதயம் வருவதால் இந்த ஒரு சொல்லே வரிகளை மாற்றி எழுத வைக்கும். அந்த ஸ்வரத்துக்கு நெடில் 'ஆ' அல்லது 'ஓ' வரும் சொல்லாகப் பாருங்கள். குளோஸ்-அப்பில் நடிகையின் வாய்க்கும் அது வசதி.

ஒலிமேசை

பிரதிக்காரர் சொன்ன தையல் கணக்கோடு உடன்படுகிறேன். பதிவு, தளம் இரண்டையும் நான் எடுத்துக்கொள்கிறேன்.

பாடகரை முதலில் முடிவு செய்யுங்கள், நடிகரை அதன்பிறகு. இருவரையும் ஒரே பத்து வரி வசனத்தைப் படிக்கவைத்துப் பதிவுசெய்து அடுத்தடுத்துக் கேளுங்கள். பேச்சுக்குரல் பொதுவாகப் பெண்களுக்கு 200 ஹெர்ட்ஸ் பக்கம், ஆண்களுக்கு 120 பக்கம். 170இல் பேசும் கனத்த குரல் நடிகைக்கு மெல்லிய உயர் சோப்ரானோவைக் கொடுத்தால் எந்த மிக்ஸிங்கும் காப்பாற்றாது. டி.எம்.சௌந்தரராஜன் சிவாஜிக்கு ஒரு தொனி, எம்.ஜி.ஆருக்கு ஒரு தொனி என்று பாடிக்கொடுத்தது நமக்குப் பழக்கம். ஆப்பரா பாடகரிடம் அந்த நெகிழ்வை எதிர்பார்க்க வேண்டாம், அவருடைய பயிற்சி முழுவதும் குரலை ஒரே நிறத்தில் நிலைநிறுத்துவதற்கு. ஆகவே பொருத்தம் தேர்விலேயே நடந்துவிட வேண்டும்.

பதிவு: நன்றாகத் தயாரான வாத்தியக்குழுவோடு மூன்று மணி நேர அமர்வில் 12 முதல் 15 நிமிட இசை தேறும். 45 நிமிடத்துக்கு நாலு அமர்வு வையுங்கள், மூன்று என்று பட்ஜெட் போட்டால் கூட்டுப்பாடல் அரைகுறையாக நிற்கும். வாத்தியத்தை முதலில் பிடித்துவிட்டு பாடகரைப் பிறகு மேலே ஏற்றுவது சினிமாப் பாட்டுக்குச் சரி. வியன்னா பாணி வால்ட்ஸில் இரண்டாவது அடி ஒரு துளி முந்தி வரும், வரி முடிவில் பாடகர் இழுப்பார், நடத்துநர் அவருக்காகக் காத்திருப்பார். அது இருவரும் ஒரே நேரத்தில் இருந்தால்தான் வரும். பாடகரைக் கண்ணாடி அறையில் நிறுத்தி நடத்துநரைப் பார்க்கவிட்டு, குரலைத் தனி ட்ராக்கில் எடுங்கள்.

குரல் மைக் 60 முதல் 80 சென்டிமீட்டர். ஆப்பரா பாடகர்கள் இன்னும் தள்ளி நிற்க விரும்புவார்கள், விடாதீர்கள். வசனத்துக்குக் கழியில் கட்டிப் பிடிக்கும் பூம் மைக்கும் ஏறத்தாழ அந்தத் தூரத்தில்தான் இருக்கும். பேச்சு நெருக்கத்தில், பாட்டு மண்டபத்தில் என்று ஆகிவிட்டால் தையல் அங்கேயே பிரிந்துவிடும். எதிரொலியைப் பதிவில் சேர்க்க வேண்டாம். வார்சா நடன மண்டபத்துக்கு ஒன்று, அறுவடை முற்றத்துக்கு ஒன்று என்று பிறகு போட்டுக்கொள்ளலாம். முற்றத்தில் பாடும் குரலுக்கு மண்டப எதிரொலி ஒட்டியிருந்தால் அதை உரித்தெடுக்க முடியாது.

மூச்சை நீக்காதீர்கள். இசைத்தட்டுக்கு மிக்ஸ் செய்பவர்கள் பழக்கத்தில் பாடகரின் மூச்சொலியைத் துடைத்துவிடுவார்கள். நடிகருக்கு அந்த மூச்சுதான் எப்போது வாயைத் திறப்பது என்ற அடையாளம்.

பாடும்போது பாடகரின் முகத்தை நேராக ஒரு காமிராவில் பிடித்து நடிகரிடம் கொடுங்கள். சோப்ரானோ மேல் ஸ்தாயியில் போகும்போது எந்த உயிரெழுத்தும் 'ஆ'வை நோக்கித் திறந்துகொள்ளும். காகிதத்தில் 'ஈ' இருக்கிறது என்று நடிகை உதட்டை விரித்து 'ஈ' காட்டினால், காதில் விழுவது வேறாக இருக்கும். நடிகை வரியைப் பார்த்து மனப்பாடம் செய்வதைவிட பாடகியின் வாயைப் பார்த்துச் செய்ய வேண்டும்.

தளத்துக்கு ஓட்டும் பிரதி தனி. குரல் நாலு டெசிபல் ஏற்றி, வாத்தியம் இறக்கி, இரண்டு பார் (தாளச் சுற்று) கிளிக் எண்ணிக்கை முன்னால் சேர்த்து, இரண்டாவது சானலில் டைம்கோடு (நேரக் குறி) போட்டு. ஒவ்வொரு பாட்டையும் ஆரம்பத்திலிருந்து மட்டும் ஓட்டாமல், எந்த ஷாட்டுக்கும் எட்டு பார் முன்னாலிருந்து பிடிக்கத் தோதாக, ஸ்கோரில் பகுதிகளைக் குறிக்கும் ஒத்திகை எழுத்துவாரியாகத் தொடக்கப் புள்ளிகளைத் தயார் வையுங்கள்.

நடிகர் சத்தமாகப் பாட வேண்டும், ஸ்ருதி தப்பினாலும் பரவாயில்லை. உதட்டை மட்டும் அசைத்தால் கழுத்தும் விலாவும் அசையாது, அதைக் கண் உடனே பிடித்துவிடும். அவர் பாடுவதை மூடும் அளவுக்கு ஒலிபெருக்கி வேண்டும்.

ஒலிபெருக்கி எங்கே என்பது அடுத்த சிக்கல். ஒலி நொடிக்கு 343 மீட்டர். நொடிக்கு 25 ஃபிரேமில் ஒரு ஃபிரேம் 40 மில்லிசெகண்ட், அதற்குள் ஒலி போகும் தூரம் 13.7 மீட்டர். பெரிய மண்டபத்தின் கோடியில் ஒலிபெருக்கியை வைத்து, நடிகர்கள் 14 மீட்டர் தள்ளி ஆடினால் எல்லோரும் கச்சிதமாக ஒரு ஃபிரேம் தாமதமாகப் பாடுவார்கள். கூட்டத்தில் முன்வரிசை சரியாகவும் பின்வரிசை தாமதமாகவும் இருந்தால் எந்தப் பக்கம் நகர்த்தினாலும் பாதி தப்பு. பெரிய பெட்டி இரண்டுக்குப் பதில் சின்னப் பெட்டி ஆறை செட்டுக்குள் ஒளித்து வையுங்கள், யாருக்கும் நாலைந்து மீட்டருக்கு மேல் இல்லாதபடி. பேச்சும் பாட்டும் ஒரே ஷாட்டில் கலந்து வந்தால் காதுக்குள் வைக்கும் தூண்டல் கருவிதான் வழி, ஒலிபெருக்கியின் சத்தம் வசனத்தைக் கெடுக்கும்.

வேகத் தப்புகள் இரண்டு. ஐரோப்பிய டிவி 25 ஃபிரேம். படத்தை 24இல் எடுத்து 25இல் ஓட்டினால் ஒலி 4.2 சதவீதம் வேகமாகி, அரைச்சுரத்தில் 0.71 பங்கு மேலேறும். 80 நிமிடம் 76.8 ஆகிவிடும். வசனத்தில் யாரும் கவனிக்க மாட்டார்கள். பாட்டில் பாடகர் முதல் ஆளாகக் கவனித்துக் கோபப்படுவார். மற்றது, 44.1 கிலோஹெர்ட்ஸ் கோப்பை 48 என்று தவறாகப் படிக்கும் கருவி. ஒன்றரை அரைச்சுரம் மேலே போகும், இது காதுக்கு உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்து குறைவு. மோசமானது 0.1 சதவீத நழுவல்: மூன்று நிமிடப் பாட்டின் கடைசியில் 0.18 நொடி, அதாவது நாலரை ஃபிரேம். தொடக்கத்தில் சரியாகவே இருக்கும், அதனால் தளத்தில் சோதிப்பவர் பாட்டின் கடைசி வரியையும் சோதிக்க வேண்டும்.

கத்தரிக்கோல்

ஒலிமேசை சொன்னதற்குப் பிறகு எடிட்டிங் பக்கம் சொல்ல அதிகமில்லை, ஆனால் சில விஷயம்.

பாட்டின் ஒலிக்கோப்பு ஆணி அடித்ததுபோல டைம்லைனில் நிற்க வேண்டும். நகர்த்துவதெல்லாம் படத்தை. ஒரு டேக்கில் நடிகர் இரண்டு ஃபிரேம் பிந்தினால் அந்தப் படத்துண்டை இரண்டு ஃபிரேம் முன்னால் தள்ளுங்கள். ஒலியை நறுக்கத் தொடங்கினால் கூட்டுப்பாடலில் ஒருவரைச் சரிசெய்து மூவரைக் கெடுப்பீர்கள்.

சரிபார்க்க ப போன்ற உதடு மூடி வெடிக்கும் எழுத்துகளைத் தேடுங்கள். உதடு மூடுவது ஒலி வெடிப்பதற்கு இரண்டு மூன்று ஃபிரேம் முன்னால் நடக்கும். மூடிய உதட்டின் கடைசி ஃபிரேமுக்கு அடுத்து ஒலி வர வேண்டும். அடுத்தபடி உதட்டைப் பல் தொடும் வ, ஃப. செக்கின் அந்தப் பேர்போன 'ர்ஷ்' ஒலியைப் பற்றிக் கவலை வேண்டாம், அது நாக்கில் நடப்பது, திரையில் தெரியாது. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர் 37 பரிந்துரைப்படி ஒலி படத்துக்கு 40 மில்லிசெகண்டுக்கு மேல் முந்தக் கூடாது, 60க்கு மேல் பிந்தக் கூடாது. அது ஒளிபரப்புச் சங்கிலி முழுமைக்குமான வரம்பு. முழுவதையும் எடிட்டிங்கிலேயே செலவழித்துவிட்டால் ஒளிபரப்பில் தப்பிவிடும். குளோஸ்-அப்பில் சந்தேகம் வந்தால் ஒலி கொஞ்சம் பிந்தட்டும், முந்தினால் கண் மன்னிக்காது.

உச்ச ஸ்வரத்தில் குளோஸ்-அப் வைக்காதீர்கள். ஆப்பரா பாடகரின் தாடை திறக்கும் அளவு டிவி நடிகருக்குத் திறக்காது. சரணத்தில் நெருக்கமாக இருந்துவிட்டு உச்சத்துக்கு அகல ஷாட்டுக்குப் போங்கள். அல்லது கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்குப் போங்கள், நகைச்சுவையில் பல நேரம் அந்த முகத்தில்தான் சிரிப்பு இருக்கிறது.

தையலுக்கு வேலைசெய்யும் ஒரு முறை: இசையை வசனத்துக்கு அடியில் இரண்டு முதல் நாலு பார் முன்னாலேயே தொடங்கவைப்பது. வசனத்தின் கடைசி இரண்டு நொடியில் பாட்டுக்குரிய எதிரொலியைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சுக்கு ஏற்றுவது. மூச்சு நடிகருடையதாக இருக்கட்டும், அதற்கு அடியில் 80 முதல் 120 மில்லிசெகண்ட் குறுக்கு மங்கலில் பாடகரின் குரலைக் கொண்டுவருவது. பாடகர் முதல் வரியை மெதுவாக, அதிர்வு குறைத்துப் பாடியிருந்தால்தான் இது பலிக்கும். பதிவின்போதே கேட்டு வாங்குங்கள். நடிகருக்கும் ஒரு வேலை உண்டு: வசனத்தின் கடைசிச் சொல்லைப் பாட்டின் முதல் ஸ்வரத்துக்குப் பக்கத்தில் முடிப்பது.

பிரதிக்காரர் முப்பது நாற்பது தையல் என்றார். அதில் பாதியைக் குறைக்க நேர்வழி, பாடகரே வசனத்தையும் டப்பிங்கில் பேசிவிடுவது. செக் நாட்டில் டப்பிங் கலை நல்ல நிலையில் இருக்கிறது, உதட்டோடு பேசவைக்க ஆட்களும் இருக்கிறார்கள். பாடகரின் குரல் முழுப் படத்துக்கும் ஒன்றாகிவிடும்.

பிரதிக்காரர்

கத்தரிக்கோல், அது காகிதத்தில் அழகு. ஆப்பரா பாடகர் மைக் முன்னால் நகைச்சுவை வசனம் பேசும்போது மேடையின் கடைசி வரிசைக்குப் பேசுவார், ஒவ்வொரு எழுத்தும் தெளிவாக, ஒவ்வொரு சிரிப்பும் செத்து. நடிகரை எதற்காக எடுத்தோமோ அதையே தூக்கிப் போட்டதாக ஆகும்.

என் யோசனை வேறு. வியன்னா ஆப்பரெட்டாவில் வழக்கமாக இரண்டு ஜோடி: காதல் ஜோடி, கோமாளி ஜோடி. இதில் ஹெலேனா, பரான்ஸ்கி முதல் ஜோடி. நடனக்காரி வாண்டாவும் பரான்ஸ்கியின் நண்பன் போப்பியேலும் இரண்டாவது. கோமாளி ஜோடியின் பாட்டுகள் பெரும்பாலும் பேச்சுக்கு நெருங்கியவை, ஸ்தாயி சின்னது, சொல் முக்கியம். அவர்களுக்குப் பாடத் தெரிந்த நடிகர்களைப் போட்டு அவர்களையே பாடவையுங்கள். குப்லெட் (வேடிக்கையான சரணப் பாட்டு) பாடும் மரபு செக் நடிகர்களிடம் நன்றாக வேரூன்றியது. ஹெலேனாவின் அப்பா ஸரெம்பாவுக்கும் அதே. பின்னணிக் குரல் இரண்டே பேருக்கு. தையல் தானாகப் பாதியாகும், வசனமும் உயிரோடிருக்கும்.

ஒலிமேசை

இரண்டுக்கும் விலை உண்டு. கோமாளி ஜோடி சொந்தக் குரலில், காதல் ஜோடி ஆப்பராக் குரலில் என்றால் நால்வரும் சேர்ந்து பாடும் இடத்தில் ஒரு பக்கம் 20 டெசிபல் வீச்சு, இன்னொரு பக்கம் 10. போப்பியேலின் வரி வாத்தியத்துக்கு அடியில் காணாமல் போகும். தனித்தனி ட்ராக்கில் இருந்தால் ஏற்றிக்கொள்ளலாம், ஆனால் ஏற்றியது தெரியும். நால்வரும் சேரும் பாட்டுகளுக்கு மட்டும் வாத்தியத்தைக் குறைத்து எழுதச் சொல்லுங்கள், டிராம்போன்களை நிறுத்தினாலே பாதி வழி வந்துவிடும். இதையும் சேர்த்துப் பார்த்தால் பிரதிக்காரர் பக்கம்தான் நான்.

செக் திரையில் தலைகீழான உதாரணமும் உண்டு. 1964இல் வந்த 'லிமோனாடவி ஜோ' கேலிப்படத்தில் நாயகன் கரேல் ஃபியாலாவே மேடைப் பாடகர், இருந்தும் அவருக்குக் கரேல் காட் என்ற பாடகரின் குரல். பாடத் தெரிந்தவர் என்பதும் பாத்திரத்துக்கு ஏற்ற குரல் என்பதும் வேறுவேறு.

திரைச்சீலை

தெளிவாக இருக்கிறது, நன்றி. இரண்டு துணைக்கேள்வி. ஏற்கெனவே இருக்கும் ஒரு பழைய செக் இசைப்பதிவை எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் படம் மட்டும் எடுத்தால் நாலு அமர்வுச் செலவு மிச்சமாகாதா? அடுத்து, பாட்டு நடுவில் வசனம் வரும் இடங்களில் வாத்தியம் ஒரே நாலு பாரைத் திரும்பத் திரும்ப வாசிக்கிறது. பதிவின்போது எத்தனை முறை என்று எப்படி முடிவுசெய்வது?

பழைய வானொலி

முதல் கேள்விக்கு. முடியும், பெரிய அளவில் செய்தும் இருக்கிறார்கள். வைகலின் 1988 'ஒனேகின்' அப்படித்தான்: ஷோல்டி நடத்திய 1974 இசைத்தட்டுப் பதிவு ஓட, வாஷாரியோவா தாத்யானாவாகவும் மிகல் டோச்சோலோமன்ஸ்கி ஒனேகினாகவும் நடித்தார்கள். பாடியவர்கள் தெரெசா கூபியாக்கும் பெர்ன்ட் வைக்லும்.

ஆனால் அது ஆப்பரா, அதுவும் சோகம். நகைச்சுவைக்குப் பழைய பதிவு கையைக் கட்டிப்போடும். வாசல் கதவு திறக்க, ஆள் தடுமாற, எதிராளி திரும்பிப் பார்க்க ஒரு நொடி மௌனம் தேவைப்படும். பதிவில் அந்த மௌனம் இருக்காது. நடையும் இடிக்கும். வால்ட்ஸ் நிமிடத்துக்கு 60 பார் வேகத்தில் 16 பார் என்பது 16 நொடி. செட் எட்டு மீட்டர் அகலம், ஆள் நொடிக்கு 1.2 மீட்டர் நடப்பார் என்றால் ஏழு நொடியில் கோடிக்குப் போய்விட்டு ஒன்பது நொடி சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். புதுப் பதிவென்றால் இதை இயக்குநரும் நடன ஆசிரியரும் முன்கூட்டியே அளந்து நடத்துநரிடம் சொல்லலாம், வெட்டலாம். பழைய பதிவில் நேரத்தை நீட்டிச் சுருக்குவது இரண்டு சதவீதம் வரை தாங்கும், அதற்கு மேல் நரம்பு வாத்தியங்களில் நடுக்கம் கேட்கும். வாத்தியமும் குரலும் கலந்த இரண்டு ட்ராக் பதிவென்றால் முற்றம், மண்டபம் என்று எதிரொலி மாற்றவும் முடியாது. ஒரு பாட்டை மட்டும் புதிதாகப் பதிந்து பழையவற்றோடு சேர்த்தால் ஸ்ருதியைச் சோதியுங்கள். ஒன்று 440, மற்றது 443 ஹெர்ட்ஸ் என்றால் வித்தியாசம் கிட்டத்தட்ட 12 சென்ட் (அரைச்சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்). தனியாகக் கேட்டால் தெரியாது, அடுத்தடுத்து வந்தால் தெரியும்.

உரிமைக் கணக்கு: நெட்பால் 1930இல் இறந்தார், ஸ்டைன் 1921இல். ஆசிரியர் ஆயுளுக்குப் பிறகு 70 ஆண்டு என்பதால் இசையும் ஜெர்மன் மூலமும் பொதுச்சொத்து. செக் வரிகள் அப்படியல்ல, அந்த மொழிபெயர்ப்பாளர் இறந்த ஆண்டிலிருந்து தனிக்கணக்கு. நாடகப் படைப்புகளின் மொழிபெயர்ப்புக்குப் பெரும்பாலும் பிராக்கின் திலியா முகமையில் விசாரிக்க வேண்டும். பழைய பதிவை எடுத்தால் பதிவு நிறுவனத்தின் உரிமை, பாடகர், வாத்தியக்காரர் உரிமை என்று இன்னும் இரண்டு அடுக்கு சேரும். நான்கு அமர்வில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடக் கூடும். புதிய செக் வரிகளை எழுதவைத்தால் பிரதிக்காரர் சொன்ன உச்ச ஸ்வரப் பட்டியலையும் கையோடு தீர்த்துக்கொள்ளலாம்.

இந்த ஆப்பரெட்டா 1934லேயே கரேல் லமாச் இயக்கத்தில், அன்னி ஓந்த்ரா நடிக்க, செக், ஜெர்மன் இரண்டிலும் படமானது. அதே ஓந்த்ராவுக்கு 1929இல் ஹிட்ச்காக்கின் 'பிளாக்மெயில்' படத்தில், செக் வாடை அடிக்கும் ஆங்கிலம் என்பதால், ஜோன் பாரி என்ற நடிகை காமிராவுக்கு வெளியே நின்று நேரடியாகப் பேச, இவர் வாயசைத்தார். டப்பிங் வசதி வராத காலத்துத் தீர்வு.

ஒலிமேசை

நாலு பார் சுழலும் பகுதிக்கு: வாத்தியப் பதிவுக்கு முன்பே நடிகர்களை உட்காரவைத்து அந்த வசனத்தை அசைவோடு பேசவைத்து ஸ்டாப்வாட்சில் மூன்று முறை அளந்து நடுவிலுள்ள எண்ணை எடுங்கள். முக்கால் தாளத்தில் நிமிடத்துக்கு 160 அடி என்றால் ஒரு பார் 1.125 நொடி, நாலு பார் 4.5. வசனம் 13 நொடி வந்தால் மூன்று சுற்று, 13.5. அரை நொடி மீதி மூச்சுக்குச் சரியாகப் போகும். 14.5 வந்தால் நாலாவது சுற்றைச் சேர்ப்பதைவிட வசனத்தில் ஒரு சொல்லை எடுப்பது மேல்.

பாதுகாப்புக்கு அந்த நாலு பாரைக் கிளிக்கோடு, இழுப்பில்லாமல், ஆறு முறை தொடர்ந்து வாசிக்கவைத்துத் தனியாக ஒரு டேக் வாங்குங்கள். முதல் சுற்றையும் கடைசிச் சுற்றையும் பயன்படுத்த வேண்டாம். முதலாவதில் முந்தைய பகுதியின் எதிரொலி இருக்காது, கடைசியில் வாத்தியக்காரர்கள் நிறுத்தப்போவது தெரிந்து தளர்வார்கள். நடுவிலுள்ள நாலில் எத்தனை வேண்டுமோ எடுத்து ஒட்டலாம். ஒட்டும் இடம் பாரின் முதல் அடிக்கு நேர் முன்னால்.

சிரிப்புக்கான மௌனம் இருக்கும் இடங்களில் பாட்டை இரண்டு துண்டாகப் பதிந்து, தளத்தில் பிளேபேக் ஆள் நிறுத்தி, நடிகர் முடித்ததும் சைகை பார்த்து அடுத்த துண்டை விடட்டும். மௌனத்தின் நீளத்தை எடிட்டர் படத்தைப் பார்த்து முடிவுசெய்வார். இரண்டாவது துண்டுக்கு முன்னாலும் கிளிக் எண்ணிக்கை போட மறக்க வேண்டாம், நடிகருக்கு நுழைவு தெரியாமல் அரை பார் தாமதமாக வாய் திறப்பது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

இன்னொன்று. பிளேபேக் ஓடிய ஷாட்டில் கால் சத்தம், கண்ணாடிக் கோப்பை, நாற்காலி எதுவுமே உருப்படியாகப் பதிவாகாது. மஸூர்கா என்ற போலந்து நடனம் ஆடும்போது குதிகால் தரையில் அடிக்கும் ஒலி இல்லாவிட்டால் இருபது பேர் பஞ்சில் ஆடுவதுபோல இருக்கும். ஃபோலிக்கு (இப்படிப்பட்ட ஒலிகளைத் தனியாக உண்டாக்கிப் பதிவதற்கு) இரண்டு நாள் ஒதுக்குங்கள், நடனக்காரர் நாலு பேரை மரப்பலகை மேல் அதே பாட்டுக்கு ஆடவிட்டு இரண்டு முறை பதிந்து அடுக்கினால் இருபது பேர் ஆகிவிடும். சேர்ந்திசையில் வரி முடிவின் 'ஸ்', 'ஷ்' முப்பது வாயிலிருந்தும் ஒரே நேரத்தில் வரவில்லை என்றால் பதிவு அன்றே பிடித்துக்கொள்ளுங்கள், பாதிப் பேரை அந்த எழுத்தை உச்சரிக்காமல் விடச் சொன்னால் சுத்தமாகிவிடும். கடைசி மிக்ஸ் மொத்தமாக மைனஸ் 23 எல்.யு.எஃப்.எஸ். (சராசரி ஒலியளவின் அலகு), உச்சம் மைனஸ் 1 டெசிபல். வசனத்தை அதற்குச் சற்றுக் கீழே வைத்துவிட்டுப் பாட்டை வசனத்துக்கு மேல் மூன்று நாலு டெசிபலோடு நிறுத்துங்கள். அதைத் தாண்டினால் வீட்டில் ரிமோட்டைத் தேடுவார்கள்.